ட்ரிப்யூட் பேண்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கிளாசிக் ராக் ட்ரிப்யூட் பேண்டில் ரிதம் கிதார் வாசிக்கிறேன். நிகழ்ச்சி முடிந்து ஒயர்களைச் சுருட்டும்போது பேச வருகிறவர்கள், புதிதாக பேண்ட் தொடங்க நினைப்பவர்கள், இசையைக் கேட்பதோடு நிறுத்திக்கொண்ட நண்பர்கள் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னால், வாதத்துக்கு உரியவை பின்னால்.

ட்ரிப்யூட் பேண்டுன்னா என்ன? கவர் பேண்டுதானே அது?

கவர் பேண்ட் பல கலைஞர்களின் பாடல்களைக் கலந்து வாசிக்கும். கூட்டம் உற்சாகமாக இருக்க வேண்டும் என்பதே அதற்கு முக்கியம். அதற்காகப் பாட்டைத் தன் வசதிக்கு மாற்றிக்கொள்ளவும் செய்யும். ட்ரிப்யூட் பேண்ட் ஒரே ஒரு குழுவை எடுத்துக்கொண்டு, அந்தக் குழு வாசித்தபடியே வாசிக்கப் பார்க்கும். எல்லோருக்கும் தெரிந்த ஹிட் பாடல்களோடு நிற்காமல், ஆல்பத்தின் கடைசியில் யாரும் கவனிக்காமல் கிடக்கும் பாட்டையும் எடுக்கும்.

இது நேற்று வந்த வழக்கமும் இல்லை. பீட்டில்ஸ் பாடல்களை வைத்து 1977ல் பிராட்வேயில் 'பீட்டில்மேனியா' என்ற மேடைக்காட்சி தொடங்கியது. அதன் லண்டன் மேடையேற்றத்தில் இருந்தவர்கள் 1980ல் ஆரம்பித்ததுதான் பூட்லெக் பீட்டில்ஸ். அசல் பீட்டில்ஸ் பத்து வருடம்கூட ரெக்கார்டு போடவில்லை. அவர்களை வாசிக்கும் இந்தக் குழுவோ நாற்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது.

கிளாசிக் ராக்னு எதைச் சொல்றீங்க?

1960களின் நடுவிலிருந்து 1980கள் வரை வந்த ராக் இசையை. பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், தி ஹூ, லெட் செப்பெலின், பிங்க் ஃப்ளாய்ட், டீப் பர்ப்பிள், பிளாக் சாபத், குயின், ஏசி/டிசி, ஈகிள்ஸ் என்று பட்டியல் நீளும். அந்தக் காலத்தில் யாரும் இதை கிளாசிக் ராக் என்று அழைக்கவில்லை. 1980களில் அமெரிக்க வானொலி நிலையங்கள் பழைய ராக் ஆல்பங்களை மட்டுமே ஒலிபரப்பத் தொடங்கியபோதுதான் அந்தப் பெயர் பரவியது.

சொந்தமா பாட்டு எழுத வராதவங்கதானே இதுக்கு வருவாங்க?

இல்லை. எங்கள் பாடகரும் பேஸ் கிதார் வாசிப்பவரும் சொந்தமாக எழுதுகிறார்கள். அதைத் தனியாக வேறு மேடைகளில் வாசிக்கிறார்கள். பீத்தோவன் சிம்பொனியை வாசிக்கும் வயலின் கலைஞரிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. ராக் என்றவுடன் மட்டும் வாசிப்பவரே எழுதியிருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வந்துவிடுகிறது.

அந்த எதிர்பார்ப்பை உருவாக்கிய பீட்டில்ஸே முதலில் மற்றவர் பாட்டை வாசித்துத்தான் தேறினார்கள். ஹாம்பர்க் கிளப்புகளில் இரவு முழுக்க அடுத்தவர் பாடல்களை வாசித்தார்கள். 1963ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் 14 பாடல்கள். அவற்றில் 6 மற்றவர்கள் எழுதியவை. ஒரு பாட்டை ரசித்துக் கேட்பது ஒரு நிலை. அதைப் பிரித்துப் பார்த்து, ஒவ்வொரு பாகமும் ஏன் அங்கே இருக்கிறது என்று புரிந்துகொண்டு மறுபடி கட்டுவது வேறு நிலை. ட்ரிப்யூட்டுக்கு வருபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது ஆசையோடு வருகிறார்கள்.

எப்படிக் கத்துக்கிறீங்க? நோட்ஸ் எங்கே கிடைக்கும்?

இணையத்தில் டேப் (எந்தக் கம்பியில் எங்கே விரல் வைப்பது என்று காட்டும் குறிப்பு) எல்லாம் கிடைக்கும். ஆனால் அதை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். யாரோ ஒருவர் காதால் கேட்டு எழுதியதை மற்றவர்கள் பார்த்து எழுதி, ஒரே தவறு எல்லா இடத்திலும் இருக்கும். ஹெட்போன் போட்டு, பாட்டின் வேகத்தைக் குறைத்து, ஒரு தடவைக்கு ஒரே ஒரு வாத்தியத்தை மட்டும் கேளுங்கள். முதலில் பேஸ், அப்புறம் டிரம்ஸ். கிதாரைக் கடைசியில் கேட்டால் போதும். பேஸ் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பற்றிய சந்தேகங்களில் பாதி தானாகத் தீரும்.

பீட்டில்ஸின் முதல் இரண்டு ஆல்பங்களின் ஸ்டீரியோ பதிப்பு ஒரு நல்ல பாடசாலை. இரண்டே ட்ராக்கில் பதிவு செய்ததால் பெரும்பாலும் ஒரு பக்கம் வாத்தியங்கள், மறுபக்கம் குரல்கள். ஹெட்போனின் ஒரு காதை மட்டும் கழற்றினால் ஹார்மனி (இணைந்து பாடும் குரல்கள்) தனியாகக் கிடைத்துவிடும். பயிற்சியில் இருக்கும் பாடகர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கிதார் சோலோதானே ரொம்பக் கஷ்டம்?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். வருகிற கிதார் கலைஞர்கள் எல்லோரும் சோலோவைத் தயார் செய்துகொண்டுதான் வருகிறார்கள். சோலோ 30 வினாடியில் முடிந்துவிடும். மீதி நாலு நிமிடம் அதே மனிதர் ரிதம் வாசிக்க வேண்டும், அங்கேதான் பேண்ட் அசலா இல்லையா என்று தெரிந்துபோகும். ஏசி/டிசியை எடுத்துக்கொள்ளுங்கள். கண் முழுக்க சோலோ வாசிக்கும் ஆங்கஸ் யங் மேல் இருக்கும். ஆனால் அந்த இசையைத் தாங்குவது அவர் அண்ணன் மால்கம் யங்கின் வலது கை. அவருடைய சத்தத்தில் டிஸ்டார்ஷன் (ஆம்ப் தரும் கரகரப்பு) நாம் நினைப்பதைவிடக் குறைவு. அழுத்தம் முழுக்க விரலிலிருந்தும், இரண்டு கார்டுகளுக்கு நடுவே விடுகிற மௌனத்திலிருந்தும் வருகிறது. ஆம்பில் கெயினை, அதாவது அந்தக் கரகரப்பைக் கூட்டி வைத்துக்கொண்டு வாசித்தால் அந்த மௌனம் நிரம்பிப்போகும், பாட்டு கனக்காது.

டிரம்ஸ் இன்னும் நுணுக்கம். பீட்டில்ஸின் ரிங்கோ ஸ்டார் இடக்கைப் பழக்கம் உள்ளவர். ஆனால் வலக்கைக்காரர்களுக்கான அமைப்பில்தான் டிரம்ஸை வைத்திருந்தார். அதனால் அவருடைய ஃபில்கள் (வரிகளுக்கு இடையே நிரப்பும் அடிகள்) மற்றவர்கள் போகும் வழியில் போகாது, ஒரு சின்னத் தயக்கத்தோடு வந்து விழும். தேர்ந்த டிரம்மர்கள் பலர் எளிது என்று நினைத்து இதில்தான் சறுக்குகிறார்கள். லெட் செப்பெலினின் ஜான் பானம் 1969ல் வந்த முதல் ஆல்பத்தின் முதல் பாட்டிலேயே ஒற்றை பெடலில் வேகமான ட்ரிப்லெட் (மும்மூன்றாக வரும் அடிகள்) அடிக்கிறார். அதைக் கேட்ட பலரும் அவர் இரண்டு பேஸ் டிரம் வைத்திருப்பதாகவே நம்பினார்கள்.

தாளக்கணக்கும் உண்டு. பிங்க் ஃப்ளாய்டின் 'மணி' பாட்டு ஏழு அடிச் சுழற்சியில் போகும், கிதார் சோலோ தொடங்கும்போது நான்குக்கு மாறும், பிறகு மறுபடி ஏழுக்குத் திரும்பும். ஒருவர் எண்ணிக்கொண்டிருந்து இன்னொருவர் உணர்ந்து வாசித்தால் அந்தத் திருப்பத்தில் தடுமாற்றம் நிச்சயம். எல்லோரும் வாயால் அந்த பேஸ் வரியைப் பாடிப் பழகிய பிறகு வாத்தியத்தை எடுத்தால் சரியாக வரும். எங்களுக்கு அப்படித்தான் பிடிபட்டது.

அதே கிதார், அதே ஆம்ப் வாங்கினால்தான் அந்தச் சத்தம் வருமா?

முதலில் சுருதி அமைப்பையும் கையையும் சரி செய்யுங்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் பாடல்கள் பலவற்றில் கீத் ரிச்சர்ட்ஸ் கிதாரை ஓப்பன் ஜி அமைப்பில் (விரல் வைக்காமலே ஜி கார்டு ஒலிக்கும் சுருதியில்), தடித்த ஆறாவது கம்பியையே கழற்றிவிட்டு, ஐந்து கம்பியில் வாசிக்கிறார். சாதாரண அமைப்பில் எவ்வளவு விலையுயர்ந்த கிதாரில் வாசித்தாலும் அந்த ஒலி வராது. பிளாக் சாபத்தின் டோனி ஐயோமிக்குத் தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல் நுனிகள் போயின. கம்பி அழுத்த எளிதாக இருக்கட்டும் என்று மெல்லிய கம்பிகளைப் போட்டார். 1971ல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் பல பாட்டுகளுக்குச் சுருதியையும் ஒன்றரைக் கட்டை இறக்கினார். அந்த இருண்ட கனமான ஒலியில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. டீப் பர்ப்பிளின் புகழ்பெற்ற 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' ரிஃப்பில் (திரும்பத் திரும்ப வரும் கிதார் வரியில்) ரிச்சி பிளாக்மோர் பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) இல்லாமல் இரண்டு கம்பிகளையும் விரலால் ஒரே சமயத்தில் இழுக்கிறார். பிக்கால் மேலிருந்து கீழே தேய்த்தால் ஒரு கம்பி மற்றதைவிட இம்மி முந்திக்கொள்ளும். காது அதைக் கண்டுபிடித்துவிடும்.

கருவிகளில் விதிவிலக்கு சில உண்டு. குயினின் பிரையன் மே தன் கிதாரைத் தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே செய்தார். பிக்குக்குப் பதில் பழைய ஆறு பென்ஸ் நாணயம், ட்ரெபிள் பூஸ்டர் (மேல் ஒலிகளைக் கூட்டும் சிறு கருவி), வாக்ஸ் ஏசி30 ஆம்ப். இந்தச் சங்கிலியில் ஏதாவது ஒன்றாவது இல்லாமல் அந்த ஒலிக்கு அருகில் போவது சிரமம். கீபோர்டுக்கும் இது பொருந்தும். டீப் பர்ப்பிளின் ஜான் லார்ட் தன் ஹேமண்ட் ஆர்கனை கிதாருக்கான மார்ஷல் ஆம்ப் வழியாக விட்டார். கீபோர்டில் 'ஆர்கன்' பொத்தானை அழுத்திவிட்டு அது ஏன் கடிக்கவில்லை என்று கேட்பவர்கள், கொஞ்சம் டிஸ்டார்ஷன் சேர்த்துப் பாருங்கள்.

பாடகருக்கு அந்த உயரம் எட்டலைன்னா என்ன பண்றது?

சுருதியை இறக்குங்கள். தயங்கவே வேண்டாம். லெட் செப்பெலின் 2007 டிசம்பரில் லண்டன் ஓ2 அரங்கில் மறுபடி சேர்ந்து வாசித்தபோது அவர்களே பல பாடல்களை இறக்கித்தான் வாசித்தார்கள். குயினின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி மேடையில் ரெக்கார்டில் உள்ள உச்சங்கள் பலவற்றைத் தவிர்த்து மெட்டைக் கீழே திருப்பிப் பாடியிருக்கிறார். ஒரு வாரம் முழுக்கப் பாட வேண்டிய குரல் அது, ஸ்டுடியோவில் ஒரு வரிக்குப் பத்து முறை முயலும் குரலுக்கு இருக்கும் வசதி அதற்கு இல்லை.

அரைக்கட்டை அல்லது ஒரு கட்டை இறக்கினால் கேட்பவர்களில் பெரும்பாலானோருக்குத் தெரியாது. பாடகர் திணறினால் எல்லோருக்கும் தெரியும். ஓப்பன் கம்பிகளை (விரல் வைக்காமல் ஒலிக்கும் கம்பிகளை) நம்பிய ரிஃப் என்றால் கிதாரையே மொத்தமாக இறக்கி வையுங்கள். கை வைக்கும் இடம் மாறினால் ரிஃப்பின் குணமும் மாறிவிடும்.

ரெக்கார்டுல நூறு குரல் கேக்குது, நாம நாலு பேர். பின்னாடி ட்ராக் போட்டா ஏமாத்துறது ஆகாதா?

1975ல் வந்த 'போஹீமியன் ராப்சடி'யின் ஓபரா பகுதியை குயின் நேரில் பாடவில்லை. அந்தப் பகுதி வரும்போது விளக்குகள் மாறும், நால்வரும் மேடையை விட்டுப் போய்விடுவார்கள், ஒலிநாடா ஓடும். ராக் பகுதி வெடிக்கும்போது திரும்பி வருவார்கள். மறைக்காமல் செய்ததால் அது ஏமாற்றாகவும் தெரியவில்லை. தி ஹூ 1971 ஆல்பத்துப் பாடல்களை மேடையில் வாசிக்கும்போது சின்தசைசர் ஒலி நாடாவிலிருந்து வந்தது. கீத் மூன் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அதோடு சேர்ந்து டிரம்ஸ் அடித்தார்.

எங்கள் வழக்கம் இது: சின்தசைசர் சுழற்சி, கடிகார ஓசை, ஹெலிகாப்டர், ஆர்கெஸ்ட்ரா போன்றவை முன்பே பதிவு செய்த ட்ராக்கில் வரலாம். மேடையில் நிற்கும் ஒருவர் வாசிக்க வேண்டியது, பாட வேண்டியது எதுவும் ட்ராக்கில் வரக் கூடாது. ஹார்மனிக்கு ஆள் போதவில்லை என்றால் எந்த மூன்று சுரம் அந்த கார்டை அடையாளம் காட்டுகிறதோ அதை மட்டும் பாடுங்கள். நன்றாகச் சேர்ந்த மூன்று குரல், கலங்கலான ஆறு குரலைவிடப் பெரிதாகக் கேட்கும். டிரம்மரும் பாடப் பழக வேண்டும், அதற்கு விலக்கு கிடையாது.

விக், மீசை, டிரஸ் எல்லாம் கட்டாயமா?

கட்டாயம் இல்லை. பூட்லெக் பீட்டில்ஸ் காலத்துக்கேற்ற உடை மாற்றி வருகிறார்கள். நியூயார்க்கின் ஃபேப் ஃபோ குழுவினர் அதே பீட்டில்ஸை எந்த வேடமும் இல்லாமல், இசையை மட்டும் நம்பி வாசிக்கிறார்கள். இரண்டும் மரியாதையான வழிதான். என் கருத்தைக் கேட்டால், இசை கைக்கு வரும்வரை உடையைப் பற்றிப் பேசவே வேண்டாம். சீக்கிரம் விக் வாங்கிய பேண்டுகள் ரிகர்சலைக் குறைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஆம்பளைங்க பாடின பாட்டைப் பொண்ணுங்க பாடினா அது ட்ரிப்யூட் ஆகுமா?

தாராளமாக. ஐயர்ன் மெய்டனை வாசிக்கும் தி ஐயர்ன் மெய்டன்ஸ், லெட் செப்பெலினை வாசிக்கும் லெஸ் செப்பெலின் இரண்டுமே முழுக்கப் பெண்கள் குழுக்கள். இரண்டும் பல நாடுகளில் வாசித்தவை. மேலே விக் பற்றிச் சொன்னதுதான் இங்கும்: தோற்றம் பொருந்தாதபோது காது மட்டுமே தீர்ப்புச் சொல்கிறது.

ஸ்டுடியோ பதிவு மாதிரி வாசிக்கணுமா, அவங்க மேடைல வாசிச்ச மாதிரியா?

பேண்ட் தொடங்கும் நாளிலேயே இதை முடிவு செய்யுங்கள். பிறகு செய்தால் சண்டை வரும். பீட்டில்ஸ் 1966 ஆகஸ்டோடு சுற்றுப்பயணத்தை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த ஆல்பங்களுக்கு மேடை வடிவம் என்று ஒன்று கிட்டத்தட்ட இல்லவே இல்லை. நெதர்லாந்தின் தி அனலாக்ஸ் குழு அந்த ஆல்பங்களை, அக்காலத்து வாத்தியங்களையே தேடிப் பிடித்து, குழல், தந்தி வாத்தியக் கலைஞர்களோடு மேடையில் வாசித்திருக்கிறது. எழுதியவர்களே வாசித்திராத கச்சேரி அது. எனக்கு இந்த முயற்சி மேல் பெரிய மதிப்பு உண்டு.

நேர் எதிர்த் துருவம் கிரேட்ஃபுல் டெட். ஒரு பாட்டை இரண்டு முறை ஒரே மாதிரி வாசிக்காத குழு அது. அவர்களுக்கு அஞ்சலியாக 1997ல் தொடங்கிய டார்க் ஸ்டார் ஆர்கெஸ்ட்ரா, ஏதோ ஒரு பழைய கச்சேரியின் பாடல் வரிசையை அப்படியே எடுத்துக்கொள்கிறது. ஆனால் பாட்டுக்குள் தாங்களே மனோதர்மமாக வாசிக்கிறார்கள். அன்றைய ரெக்கார்டை அச்சாகத் திருப்பி வாசித்திருந்தால் அந்தக் குழுவின் இயல்புக்கே துரோகம் ஆகியிருக்கும். ஆக, எது விசுவாசம் என்பதை நீங்கள் தேர்ந்தெடுத்த குழுதான் சொல்லும்.

அனுமதி வாங்கணுமா? வழக்குப் போட்டுடுவாங்களா?

மேடையில் வாசிப்பதற்கான உரிமத்தைப் பெரும்பாலான நாடுகளில் பதிப்புரிமைச் சங்கங்கள் தருகின்றன. அரங்கமோ நிகழ்ச்சி நடத்துபவரோ கட்டணம் செலுத்துவது வழக்கம். வாசித்த பாடல்களின் பட்டியலைக் கொடுத்தால் பணம் எழுதியவருக்குப் போகும். யார் கட்டுகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பதிவு செய்து வெளியிடுவதும், வீடியோவாகப் போடுவதும் தனித்தனி உரிமைகள். மேடை உரிமம் அவற்றுக்குச் செல்லாது.

அதிகம் சிக்கல் வருவது பெயரிலும் சுவரொட்டியிலும். குழுக்களின் பெயரும் சின்னமும் பெரும்பாலும் பதிவு பெற்ற வணிகக் குறிகள். அசல் குழுவே வருகிறது என்று ஒருவர்கூட நினைக்காதபடி 'ட்ரிப்யூட்' என்ற சொல்லைப் பெரிதாகப் போடுங்கள். அசல் லோகோ, ஆல்பம் அட்டை, அவர்களுடைய புகைப்படம் எதையும் எடுக்காதீர்கள்.

அசல் கலைஞர்கள் இதைப் பார்த்துக் கோபப்படமாட்டாங்களா?

பலர் மகிழ்ந்திருக்கிறார்கள். 1988ல் அடிலெய்டில் தொடங்கிய ஆஸ்திரேலியன் பிங்க் ஃப்ளாய்ட் ஷோ, பிங்க் ஃப்ளாய்டின் கிதார் கலைஞர் டேவிட் கில்மரின் 50வது பிறந்தநாள் விழாவில் வாசித்தது. ஜெனிசிஸின் 1970கள் மேடைகளை மீட்டெடுக்கும் மாண்ட்ரியல் குழு தி மியூசிக்கல் பாக்ஸுக்கு, அசல் குழுவே தன் பழைய ஸ்லைடுகளைக் கொடுத்து உதவியது. தங்கள் அப்பா அந்தக் காலத்தில் மேடையில் என்ன செய்தார் என்று காட்டுவதற்காக ஜெனிசிஸின் முன்னாள் பாடகர் பீட்டர் கேப்ரியல் தன் பிள்ளைகளை அந்தக் குழுவின் நிகழ்ச்சிக்குத்தான் அழைத்துப் போனார். குயினின் ரோஜர் டெய்லர் தானே ஒரு ட்ரிப்யூட் குழுவுக்கு ஆள் தேர்வு செய்து குயின் எக்ஸ்ட்ராவகன்சாவை உருவாக்கினார்.

ட்ரிப்யூட்டிலிருந்து அசல் பேண்டுக்கே போனவங்க இருக்காங்களா?

இருக்கிறார்கள். டிம் ஓவன்ஸ் ட்ரிப்யூட் பேண்டில் ஜூடாஸ் ப்ரீஸ்ட் பாடல்களைப் பாடிக்கொண்டிருந்தவர், 1996ல் ஜூடாஸ் ப்ரீஸ்டின் பாடகரே ஆனார். யெஸ் குழுவில் 2008ல் பெனுவா டேவிட், 2012ல் ஜான் டேவிசன், இருவரும் யெஸ் ட்ரிப்யூட் பேண்டுகளில் பாடியவர்கள். ஜர்னி குழுவின் கிதார் கலைஞர் நீல் ஷான் 2007ல் யூடியூபில் தேடியபோது கண்டெடுத்துப் பாடகராகச் சேர்த்துக்கொண்டவர் பிலிப்பைன்ஸில் கவர் பாடல்கள் பாடிவந்த ஆர்னெல் பினேடா. ஆனால் இந்த ஆசையோடு பேண்டில் சேராதீர்கள். இப்படிப்பட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அதே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிச்சா சலிக்கலையா?

சலிப்பு வந்தால் நான் அந்தப் பாட்டில் இன்னொருவருடைய பாகத்தைக் கற்றுக்கொள்வேன். பேஸ் பாகம் தெரிந்த பிறகு என் ரிதம் மாறும். அப்புறம் ரெக்கார்டுக்குத் திரும்பிப் போனால் இதுவரை கேட்காத ஒரு டாம்பரினோ, இரண்டாவது அக்கூஸ்டிக் கிதாரோ அடியில் கிடக்கும். நல்ல ஆல்பங்கள் அப்படிச் செய்யப்பட்டவை. முன்வரிசையில் ஒருவர் அந்தப் பாட்டை முதல் முறையாக நேரில் கேட்கிறார் என்பதும் எனக்குப் பெரிய விஷயம்.

பேண்டில் ஒருத்தர் நுணுக்கமா வேணும்கிறார், இன்னொருத்தர் சுதந்திரமா வேணும்கிறார். யார் சொல்றது சரி?

இருவரும் ஒரே பாட்டின் வேறு வேறு இடங்களைப் பேசுகிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். கேட்பவர் மனதுக்குள் கூடவே பாடும் இடங்கள் உண்டு: தொடக்க ரிஃப், கோரஸ், ஞாபகத்தில் நிற்கும் சோலோ வரிகள், டிரம்ஸ் நுழையும் கணம். அங்கே ஒரு சுரமும் மாறக் கூடாது. பாட்டின் இறுதியில் நீண்டு போகும் பகுதி, இரண்டு பாட்டுக்கு நடுவிலான இணைப்பு போன்ற இடங்களில் சுதந்திரம் கொடுங்கள். எது எந்த வகை என்பதை ரெக்கார்டை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்டு முடிவு செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் முடிவு செய்யாதீர்கள்.

கடைசியா ஒண்ணு: ரெக்கார்டுல இருக்கிற பிழையையும் வாசிக்கணுமா?

இதற்கு எங்கள் பேண்டுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. தி போலீஸின் 'ராக்சேன்' தொடக்கத்தில் பாடகர் ஸ்டிங் தெரியாமல் பியானோ மேல் உட்கார்ந்துவிட்டதால் ஒரு தப்பான ஒலியும் சிரிப்பும் இருக்கின்றன. அதை அவர்களே வேண்டுமென்று விட்டுவைத்தார்கள், ஆகவே அதுவும் பாட்டுதான், நாங்கள் வாசிப்போம். லெட் செப்பெலினின் 'சின்ஸ் ஐ'வ் பீன் லவிங் யூ'வில் பானமின் பேஸ் டிரம் பெடல் கீச்சிடுவது தெளிவாகக் கேட்கும். அதை மேடையில் உருவாக்கச் சொல்வது அதிகப்படி என்பது என் பக்கம். பெடலுக்கு எண்ணெய் போடாமல் விட்டால் தானாக வரும் என்பது எங்கள் டிரம்மர் பக்கம், அவர் போடுவதும் இல்லை.